முதல் பிழையைத் தொலைக்காதீர்கள்

ரயில் முன்பதிவோ வங்கிப் பரிமாற்றமோ முடங்கினால், எவ்வளவு சீக்கிரம் சரியாகும் என்பது காரணம் எவ்வளவு சீக்கிரம் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. அந்தக் காரணத்தை நிரலே தொலைத்துவிடுவதும் உண்டு. வட்டில் இடமில்லாததால் ஒரு கோப்பை எழுத முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். நிரல் அந்தப் பிழையைப் பிடித்து, பாதியில் நின்ற தற்காலிகக் கோப்பை அழிக்கப் போகிறது. அது அங்கே இல்லை, இரண்டாவது பிழை. அதையும் பிடித்து ஒதுக்கிவிட்டு, 'ரெய்ஸ்' என்ற கட்டளையால் முதல் பிழையை மேலே அனுப்ப நினைக்கிறது. பைத்தான் நிரல்மொழியின் 2-ஆம் பதிப்பில் இவையெல்லாம் ஒரே ஃபங்ஷனுக்குள் நடந்தால், மேலே போவது 'கோப்பு இல்லை' என்ற, ஏற்கெனவே தீர்த்து முடித்த பிழைதான். பழுது பார்ப்பவர் வட்டை விட்டுவிட்டுக் கோப்பைத் தேடுவார்.

2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3 இதைத் திருத்தியது. உள்ளே எழுந்த இரண்டாவது பிழை தீர்ந்ததும் முதல் பிழையே மறுபடி நடப்புப் பிழையாகிறது. இரண்டாவது பிழை தீராமல் வெளியேறினாலும் முதல் பிழை அதனுடன் இணைந்தே செல்கிறது. மொழியே திருந்திவிட்டதே, இனி என்ன கவலை என்று கேட்கலாம். ஆனால் எல்லா மொழிகளும் முழுக் காவல் தருவதில்லை. ஜாவாவில், பிழை எழுந்தாலும் எழாவிட்டாலும் கடைசியில் ஓடும் 'ஃபைனலி' பகுதியில் புதுப் பிழை எழுந்தால், முந்தைய பிழை இன்றும் மறைந்துபோகிறது. சி ஷார்ப்பில் வெறும் 'த்ரோ' என்று எழுதாமல் பிழையின் பெயரையும் சேர்த்து எழுதினால், அது முதலில் எங்கே எழுந்தது என்ற தடம் அழிகிறது.

எல்லாப் பிழைகளையும் சுமந்தால் பதிவுகள் நீளும், உள்விவரம் பயனருக்குத் தெரிந்துவிடும் என்பது இன்னொரு வாதம். பயனருக்குச் சுருக்கமான செய்தி போதும் என்பது நியாயமே. ஆனால் பொறியாளர் பார்க்கும் பதிவில் முழுச் சங்கிலியும் இருக்க வேண்டும். பைத்தான் 3.3 தந்த 'ஃப்ரம் நன்' வசதிகூட முந்தைய பிழையைக் காட்டாமல் விடுகிறதே தவிர அழிப்பதில்லை. மறைப்பது நிரலாளர் தெரிந்தே எடுத்த முடிவாக இருக்கலாம். தற்செயலாக நடக்கக் கூடாது. ஆகவே நிரலைச் சரிபார்ப்பவர்கள் பிழை கையாளும் ஒவ்வொரு பகுதியிலும் கேட்க வேண்டிய கேள்வி: இந்தப் பகுதியே தவறினால் முதல் பிழை என்ன ஆகும்? பதிலை ஊகித்தால் போதாது. உள்ளே வேண்டுமென்றே ஒரு பிழையைக் கிளப்பிச் சோதித்த பிறகே அந்த நிரலை மக்கள் பயன்பாட்டுக்கு விட வேண்டும்.