வாங்கினவன் பெயர் தெரியக் கூடாதா?

சர்க்கார் விவசாயிக்குக் கொடுக்கும் உதவிப் பணம் சர்க்காரின் சொந்தப் பணமல்ல. சோப்பு வாங்குகிறவனும் செருப்பு வாங்குகிறவனும் கொடுத்த வரிப்பணமேயாகும். அப்பணத்தை எவன் வாங்கினான் என்று கேட்க அவர்களுக்குப் பாத்தியம் உண்டா இல்லையா என்பதே நமது கேள்வி.

2019-ல் மத்திய சர்க்கார் பி.எம். கிசான் என்னும் திட்டத்தை ஏற்படுத்தி, நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு வருஷம் 6,000 ரூபாயை மூன்று தவணையாகப் பாங்கில் போட ஆரம்பித்தது. வருமான வரி கட்டுகிறவர், டாக்டர், வக்கீல் முதலியோருக்குக் கிடையாது என்று விதியும் செய்தது. விதி நல்ல விதிதான். நடந்தது என்ன? 2020-ல், கொரோனா காலத்தில், தாமே பதிவு செய்துகொள்ளலாம் என்ற வசதியையும் அதிகாரிகளின் ரகசியச் சொல்லையும் பயன்படுத்தி, தமிழ்நாட்டில் தரகர்கள் நிலமே இல்லாதவர்களை விவசாயிகளாக்கினார்கள். 2021 ஜூலையில் பார்லிமெண்டில் மந்திரியே கொடுத்த கணக்குப்படி, யோக்கியதை இல்லாத 42 லட்சத்துக்கு மேற்பட்ட பேருக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் போயிருந்தது. தமிழ்நாட்டில் மாத்திரம் 7 லட்சத்துக்கு மேற்பட்ட பேர். சுமார் 340 கோடி ரூபாய்!

பயனாளிகள் பட்டியலைக் கிராமத்தில் வெளியிட வேண்டும் என்று இத்திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டரிலும் ஊர்வாரியாகப் பட்டியல் உண்டு. ஆனால், கம்ப்யூட்டரைத் தொட்டறியாத கிழவிக்கு அது இருந்தென்ன, இல்லாமற் போனாலென்ன? எவனுக்கு எத்தனை குழி நிலம் என்பது டெல்லிக்குத் தெரியாது. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும். அவன் காதில் விழும்படி ஒரே ஒரு தடவை பட்டியலை உரக்க வாசித்திருந்தால், இத்தனை பொய் விவசாயிகள் முளைத்திருப்பார்களா?

நிற்க, பெயரை வெளியிட்டால் மானம் போய்விடும் என்று சிலர் சொல்லக்கூடும். ஐரோப்பாவிலும் இந்தப் பேச்சு எழுந்தது. ஜெர்மனி விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2010 நவம்பரில் ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம், தனிப்பட்டவர்கள் எல்லோருடைய பெயரையும் வித்தியாசமின்றி வெளியிடுவது தவறு என்று தீர்ப்புச் செய்தது. அதற்காக அவர்கள் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டார்களா? இல்லை. 2013-ல் புதுச் சட்டம் செய்து, அற்பத் தொகை வாங்கும் சிறு விவசாயியின் பெயரை மாத்திரம் மறைத்து, மற்றவர் பெயரையும் தொகையையும் வெளியிட ஏற்பாடு செய்தார்கள். இது அறிவுக்குப் பொருத்தமான வழியேயாகும். நம் நாட்டிலோ, நகைக் கடனை மீட்க முடியாத ஏழையின் பெயரை ஏல விளம்பரத்தில் பத்திரிகையில் போடுகிறார்கள். அப்போது மானத்தைப் பற்றி யார் பேசினார்கள்?

பட்டியல் வெளியே வந்தால் இன்னொரு உண்மையும் வெளிவரும். வாங்கினவன் பெயர் மட்டுமல்ல, வாங்காதவன் யார் என்பதும் தெரியும். பட்டா உள்ளவனுக்கே இந்தப் பணம். சேற்றில் இறங்கி உழுகிற குத்தகைக்காரனுக்கும் கூலியாளுக்கும் ஒரு காசு கிடையாது. திருடர்களைப் பிடிப்பது ஒரு வேலை. உழுகிறவனை விவசாயி என்று ஒப்புக்கொள்ளச் செய்வது அதைவிடப் பெரிய வேலை.

ஆகவே தோழர்களே, அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று, “நமது ஊர்ப் பட்டியலை வாசியுங்கள்” என்று கேளுங்கள். மழுப்பினால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள், யோக்கியதையில்லாமல் வாங்கினவர்களும் அதை மறைப்பவர்களுமே என்று சொல்லி முடிக்கிறோம்.