தவழும் குழந்தைக்கு வெளியே ஒரு தரை: ஏன் வேண்டும், எங்கே தொலைத்தோம்?

ஆறாவது மாடி ஃபிளாட். எட்டு மாதக் குழந்தை முட்டி போட்டுத் தவழ்ந்து பால்கனிக் கதவு வரை வந்துவிட்டது. வெளியே கம்பியில் ஒரு காக்கா. குழந்தை கண்ணாடியைத் தட்டுகிறது. “அங்கெல்லாம் போகக் கூடாது தங்கம், அழுக்கு” என்று பாட்டி தூக்கி வந்து ஹாலில் விரித்த மேட்டில் விடுகிறார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மறுபடியும் கதவருகே.

நகரத்து ஃபிளாட்டுகளில் தினமும் நடக்கும் காட்சிதான் இது. பார்க்க அடம் மாதிரி தெரியும். ஆனால் இந்த வயதில் குழந்தை பாடம் படிப்பதே இப்படித்தான்: தானே நகர்ந்து போய், தொட்டு, தட்டி, சில சமயம் வாயில் வைத்துப் பார்த்து. அதற்கான தரை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தவழும்போது மூளைக்குள் என்ன மாறுகிறது?

1960-ல் அமெரிக்க உளவியலாளர்கள் எலினார் கிப்சன், ரிச்சர்ட் வாக் இருவரும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒரு மேஜை மேல் தடிமனான கண்ணாடி. ஒரு பாதியில் கண்ணாடிக்கு ஒட்டி கட்டம் போட்ட துணி. மறுபாதியில் அதே துணி கீழே பள்ளத்தில். பார்வைக்குப் பள்ளம், தொட்டால் கெட்டியான கண்ணாடி. தவழும் வயதுக் குழந்தைகள் 36 பேரை நடுவில் விட்டு, அம்மாக்களை அழைக்கச் சொன்னார்கள். நகர்ந்த 27 குழந்தைகளும் ஆழமில்லாத பக்கம் வந்தன. ‘பள்ளத்தை’க் கடந்தவை மூன்றுதான்.

பிறகு ஜோசப் காம்போஸ் குழுவினர் செய்த ஆய்வுகளில் இன்னொரு விஷயம் தெரிந்தது. உயரத்தைப் பார்த்து எச்சரிக்கை அடைவது வயதால் மட்டும் வருவதில்லை. தானாக நகர்ந்து பழகிய அனுபவத்தோடு சேர்ந்து வருகிறது. ஒரே வயதுக் குழந்தைகளில், தவழ ஆரம்பித்தவர்களிடம் இந்த எச்சரிக்கை கூடுதலாகத் தெரிந்தது.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப், குழந்தைகளைச் சரிவுகளில் தவழவிட்டுப் பார்த்தார். புதிதாகத் தவழும் குழந்தை எந்தச் சரிவிலும் தயங்காமல் இறங்கிவிடும் (கீழே பிடிக்க ஆள் இருப்பார்). பல வாரப் பழக்கத்துக்குப் பின் எது முடியும், எது முடியாது என்று தானே கணக்குப் போடுகிறது. நடக்க ஆரம்பித்ததும் அந்தக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருக்கிறது. நடைபழகும் குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்து, 17 முறை விழுகின்றன என்று இதே ஆய்வாளரின் குழு 2012-ல் பதிவு செய்தது. விழுவதும் பாடத்தில் ஒரு பகுதிதான்.

வீட்டுக்குள் தவழ்ந்தால் போதாதா?

வீட்டுக்குள் தவழ்வதும் நல்லதுதான். ஆனால் ஃபிளாட்டில் எங்கே போனாலும் ஒரே வழவழப்பான டைல்ஸ், ஒரே வெளிச்சம், ஒரே சமதளம். வெளியே ஒரு பாய் அளவு புல்தரையில்கூட மேடு பள்ளம் உண்டு. புல் குத்தும், மண் குளிரும், சருகு கையில் நொறுங்கும், எறும்பு நகரும், நிழல் ஆடும். ஒவ்வொன்றுக்கும் குழந்தை கையை ஊன்றும் விதத்தையும் உடம்பைச் சமாளிக்கும் விதத்தையும் மாற்ற வேண்டும். காசு கொடுத்து வாங்கும் ‘சென்சரி கிட்’ செய்ய முயல்வதை ஒரு வேப்பமரத்தடி சும்மாவே செய்துவிடுகிறது.

தமிழில் இது புதிய சங்கதியும் இல்லை. பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரிக்கின்றன. அதில் செங்கீரைப் பருவம் என்பது, குழந்தை கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி, தலையை நிமிர்த்தி ஆடும் காலம். தவழ்வதற்கு முந்தைய இந்த ஆட்டத்துக்கே தனிப் பெயர் வைத்த மொழி இது. அன்று அந்த ஆட்டத்துக்கு முற்றமும் வாசலும் இருந்தன.

இன்னொன்று பெரியவர்களின் முகம். 1985-ல் வெளியான ஓர் ஆய்வில், இதே கண்ணாடி மேஜையில் குறைந்த ‘பள்ளம்’ வைத்து, ஒரு வயதுக் குழந்தைகளை விட்டார்கள். எதிரே அம்மா சிரித்த முகத்தோடு நின்றபோது 19-ல் 14 பேர் கடந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. புல்லைத் தொடும் முன் குழந்தை திரும்பிப் பார்ப்பது நம் முகத்தைத்தான். “ஐயோ, சீ!” என்று நாம் சுளித்தால், பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

சரி, மண்ணைத் தின்னுட்டா?

நியாயமான பயம். மண்ணில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு.

பின்லாந்தில் சில குழந்தைகள் காப்பகங்களின் வெறும் முற்றத்தில் காட்டு மண்ணும் புல்லும் செடிகளும் கொண்டுவந்து பரப்பினார்கள். 28 நாட்களில் அங்கே விளையாடிய குழந்தைகளின் தோலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, ரத்தத்தில் நோய் எதிர்ப்பைச் சீராக்கும் குறியீடுகளும் மேம்பட்டன. 2020-ல் வெளியான இந்த ஆய்வில் இருந்தவர்கள் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள், அதுவும் சுத்தமான காட்டு மண். அதை அப்படியே நம் தெருவோர மண்ணுக்குப் பொருத்த முடியாது.

இங்கே நாய், பூனைக் கழிவு கலந்த மண்ணில் புழுத் தொற்று வரும் வாய்ப்பு நிஜம். மண் வழியாகப் பரவும் குடற்புழுக்களைத் தடுக்க நாட்டில் 1 வயது முதலே பூச்சி மாத்திரை கொடுக்கும் திட்டமும் நடக்கிறது. ஆக, கேட்க வேண்டியது ‘மண்ணா, வேண்டாமா’ என்பதல்ல. ‘எந்த மண்’ என்பது.

லீவ் முடியும்போது தவழ்தல் தொடங்குகிறது

இங்கேதான் இது சட்டத்தையும் ஊரமைப்பையும் தொடுகிறது. 2017-ல் இந்தியாவில் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அதாவது குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள், பலருக்கு அதற்கும் முன்பே, விடுப்பு தீர்ந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி குழந்தைகள் முட்டி போட்டுத் தவழத் தொடங்குவது ஏறத்தாழ 5 முதல் 13 மாதத்துக்குள். குழந்தை நகர ஆரம்பிக்கும் நேரத்தில் அம்மா ஆபீஸில். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு இருக்கிறது.

ஊழியர்கள் 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்றது அதே திருத்தம். அந்தக் காப்பகத்துக்கு வெளியே தரை இருக்கிறதா என்பதை வேலையில் சேரும்போது கேட்பவர் குறைவு. அங்கன்வாடியிலும் முன்பருவக் கல்வி 3 வயதுக்குப் பிறகுதான். 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக மத்திய அரசு 2024-ல் ‘நவசேத்னா’ என்ற வழிகாட்டியைக் கொண்டுவந்தது. மாதவாரியாக வீட்டில் செய்ய வேண்டியவற்றை அது சொல்கிறது. ஆனால் வீட்டு வாசலுக்கு வெளியே இடம் வேண்டுமே?

தமிழகக் கட்டிட விதிகள் பெரிய மனைகளில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்கச் சொல்கின்றன. நடைமுறையில் பல குடியிருப்புகளின் தரைத்தளம் கார் பார்க்கிங், மீதி பேவர் பிளாக். பூங்கா இருந்தால் நடைபாதை பெரியவர்களின் வாக்கிங்குக்கு; புல்லில் ‘கால் வைக்காதீர்கள்’ போர்டு. தவழும் குழந்தையை யாரும் மனதில் வைத்து வரையவில்லை.

தவழாமலே நடந்தால் பிரச்சினையா?

இல்லை. இந்தியா உட்பட 5 நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில் 4.3 சதவீதக் குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. 2022-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், வளர்ச்சிப் படிகளின் பட்டியலிலிருந்து தவழ்தலை எடுத்தது. பிசியோதெரபிஸ்டுகள் பலர் அதை எதிர்த்தார்கள். விவாதம் பட்டியலைப் பற்றியது. குழந்தைக்குத் தரை தேவை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தினமும் பலமுறை தரையில் விளையாட வேண்டும், ஸ்ட்ரோலரிலோ நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது, ஸ்கிரீன் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி.

சீக்கிரம் நடக்கட்டும் என்று சக்கரம் வைத்த வாக்கர் வாங்குவதும் தீர்வல்ல. விபத்துகள் காரணமாக கனடா 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டது.

20 நிமிஷம் போதும்: எப்படி?

* நேரம்: காலை வெயில் ஏறும் முன், அல்லது மாலை வெயில் தாழ்ந்த பின். பேவர் பிளாக்கில் முதலில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் குழந்தைக்கும் சுடும்.
* இடம்: நாய், பூனை வராத மண், பூச்சிமருந்து அடிக்காத புல். கிடைக்காவிட்டால் மொட்டை மாடியில் கோரைப்பாய் விரித்து, கழுவிய மணலை ஓர் அகலமான தட்டில் வையுங்கள். கைப்பிடிச் சுவர் இருந்தாலும் கை எட்டும் தூரத்திலேயே இருங்கள்.
* கொசு: டெங்கு கொசு பகலில் கடிக்கும், அதிகாலையிலும் சாயங்காலத்திலும் அதிகம். முழுக்கை சட்டை போடுங்கள். பக்கத்தில் தண்ணீர் தேங்கிய தொட்டி, டயர் இருந்தால் வேறு இடம் பாருங்கள்.
* வாய்: கூழாங்கல், புளியங்கொட்டை, பாட்டில் மூடியை முதலில் பொறுக்கிவிடுங்கள். மண்ணை வாயில் வைத்தால் பதறாமல் துடைத்துவிடுங்கள். உள்ளே வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.
* போன்: பையிலேயே இருக்கட்டும். குழந்தை திரும்பிப் பார்க்கும்போது உங்கள் முகம் தெரிய வேண்டும்.
* வைட்டமின் டி: வெளியே போவதால் டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை நிறுத்த வேண்டாம்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கை கால் அசைக்கவில்லை, உடம்பு விறைப்பாகவோ தொளதொளவென்றோ இருக்கிறது, ஒன்பது மாதமாகியும் ஆதரவின்றி உட்காரவில்லை என்றால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

இது எல்லாம் வீட்டளவில் செய்யக்கூடியது. மீதி, குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் வார்டு கவுன்சிலரிடமும் கேட்க வேண்டியது: இரண்டு கார் நிற்கும் அளவு மண் தரை, சுற்றி முட்டி உயர வேலி, மேலே ஒரு மரம். கேட்க வேண்டிய பெற்றோர் ஆபீஸில் இருக்கிறார்கள், குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. அதனால்தான் இந்தக் கோரிக்கை இதுவரை எந்த மனுவிலும் ஏறவில்லை. பால்கனிக் கண்ணாடியை அது தட்டுவதுதான் இப்போதைக்கு மனு.