ரத்தம் கசியும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

கர்நாடக மாநில மாண்புமிகு சுகாதாரத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

எங்கள் மனுக்களுக்குப் பதில் இல்லை. ஆகவே பொதுவில் எழுதுகிறோம். கடுமையான ஹீமோபிலியா என்றால் என்ன, முழங்காலுக்குள் திரும்பத் திரும்பக் கசியும் ரத்தம் மூட்டை எப்படி அரித்து முடக்கும் என்பதெல்லாம் தங்கள் துறை அறிந்ததே. ஆகவே ஒரே ஓர் ஆய்வை மட்டும் தங்கள் முன் வைக்கிறோம். ஃபிட்டுசிரான் என்ற தடுப்பு மருந்தை மாதம் ஒருமுறை தோலுக்கடியில் போட்டுச் சோதித்த அட்லஸ் ஆய்வு அது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவா முதன்மை ஆசிரியராக எழுதிய அதன் முடிவுகள் 2023இல் வெளியாயின. தடுப்பு ஊசி பெற்றவர்களுக்கு ஆண்டு ரத்தக்கசிவு எண்ணிக்கையின் இடைநிலை அளவு பூஜ்யம். கசிந்த பிறகு மட்டும் ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் போட்டுக்கொண்டவர்களுக்கு 21.8. இரண்டாவது எண்ணைத்தான் தாங்கள் பார்க்க வேண்டும். அந்தப் பிரிவினருக்குக் கொடுத்தது, இந்த நாட்டின் பெரும்பாலான நோயாளிகளுக்குக் காலங்காலமாகக் கிடைத்துவரும் அதே வைத்தியம். அதன் விளைவு என்ன என்பது இப்போது எண்ணாகவே எழுதப்பட்டுவிட்டது. இனித் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

புது மருந்து, ஆபத்து உண்டு என்பீர்கள். உண்மைதான். 2017இல் இந்த ஆய்வுத் திட்டத்தில் ஒருவர் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்து இறந்தார். ஊசி நிறுத்தப்பட்டது, பின்னர் அளவும் முறையும் மாற்றப்பட்டன, 2025 மார்ச்சில் அமெரிக்கா அனுமதித்தது. இம்மருந்தில் தயக்கம் இருந்தால் இருக்கட்டும். 2017இலேயே அங்கு அனுமதி பெற்ற எமிசிசுமாப் என்ற தடுப்பு ஊசி இருக்கிறதே. பக்கத்துக் கேரளம் அதைக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறதே. கசிவதற்கு முன்பே தடுப்பதுதான் முறை என்று உலக ஹீமோபிலியா கூட்டமைப்பு 2020இல் எழுதிவிட்டது. விலை அதிகம் என்பது அடுத்த பதில். முடங்கிய மூட்டுக்கு 2016 ஊனமுற்றோர் சட்டத்தின்படி சான்றிதழ் தருகிற அரசு, அந்த மூட்டைக் காக்கும் செலவையும் அதே கணக்கில் எழுத வேண்டும். முடங்கியபின் செய்யும் அறுவை சிகிச்சைக்கும் ஃபேக்டர் வேண்டும். அதுவும் நிறைய வேண்டும்.

எங்கள் மலைக் கிராமமான மார்டள்ளிக்கு இது தூரத்தின் பிரச்சினையும்கூட. 2018 டிசம்பரில் பக்கத்துச் சுள்வாடிக் கோயில் பிரசாதத்தில் நஞ்சு கலந்தபோது உயிருக்குப் போராடியவர்களை மைசூருக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. மூட்டில் ரத்தம் இறங்கிய பையனுக்கும் அதே காட்டுப் பாதை. போய்ச் சேர்வதற்குள் முழங்கால் வீங்கி இறுகிவிடும். நரம்பு தேடிக் குத்த வேண்டாத தடுப்பு ஊசியை ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரே போடலாம். எங்கள் மலைக் கிராமங்களின் குழந்தைகளுக்கு அதை மார்டள்ளியிலேயே கிடைக்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
மார்டள்ளியிலிருந்து ஒரு குடிமகன்