சிறுநீர்ப் பையைத் தொடுவது யார் வேலை?

நோயாளிக்கு யூரின் டியூப் போடுவதைப் பலரும் சின்ன வேலையாக நினைக்கிறார்கள். செவிலியரான எனக்கோ, போட்டு முடித்த பிறகுதான் கவலையே தொடங்குகிறது. டியூப் சிறுநீர்ப்பைக்குள் போய்ச் சேரும் முன்பே அதன் நுனியில் உள்ள பலூனில் நீர் ஏற்றினால், சிறுநீர்ப் பாதை கிழிந்து ரத்தம் வரும். சரியாகப் போட்டாலும், அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 100 பேரில் 3 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் கிருமி சேர்கிறது. ஒரு மாதம் இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் சேர்ந்துவிடும். எல்லோருக்கும் அது நோயாக மாறுவதில்லை. ஆனால், சிலருக்கு ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகிறது.

கிருமி நுழையும் வழிகளில் முக்கியமானது மனிதர்களின் கை. சாதியும் அங்கேதான் வந்து நிற்கிறது.

பையில் சேர்ந்த சிறுநீரை வடிப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. அளவும் நிறமும் பார்த்துக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் கை கழுவி, புதுக் கையுறை போட்டு, தனிப் பாத்திரத்தில் வடிக்க வேண்டும். ஆனால் பல வார்டுகளில் இது 'அசுத்த வேலை' என்று ஒதுக்கப்பட்டு, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் தலையில் விழுகிறது. அவர்களில் பெரும்பாலோர் நம் காலனிப் பெண்கள். பயிற்சி இல்லை, போதிய கையுறை இல்லை. ஒரே வாளியோடு கட்டில் கட்டிலாகப் போகச் சொன்னால், ஒருவரின் கிருமி அடுத்தவருக்குப் போகத்தான் செய்யும். நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் பழியும் அந்தப் பெண்களுக்கே.

அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. "இதெல்லாம் அவங்க வேலை" என்ற நினைப்பு மட்டும் வார்டை விட்டுப் போகவில்லை.

டியூபோடு வீட்டுக்கு அனுப்பப்படும் ஏழை நோயாளியின் நிலை இன்னும் மோசம். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் நிதானமாகச் சொல்வதில்லை. பேருந்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். சிறுநீர் திரும்ப உள்ளே போகிறது. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் படக் கூடாது. டியூப் மடங்கக் கூடாது. பை முக்கால் பங்கு நிறையும் முன்பே வடித்துவிட வேண்டும். டியூபை நீங்களே இழுத்து எடுக்காதீர்கள். உள்ளே பலூன் இருக்கிறது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், அடிவயிற்று வலி, ரத்தம், சிறுநீர் இறங்காமல் வயிறு உப்புதல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108க்கு அழையுங்கள்.

"இந்த டியூப் இன்னும் தேவையா, எப்போது எடுப்பீர்கள்?" என்று தினமும் கேளுங்கள். அது உங்கள் உரிமை. தேவை முடிந்த அன்றே எடுப்பதுதான் தொற்றைத் தடுக்கச் சிறந்த வழி.

மருத்துவமனை நிர்வாகங்கள் செய்ய வேண்டியவை மூன்று. பையை வடிக்கும் பொறுப்பைப் பயிற்சி பெற்றவர்களுக்கே எழுத்தில் ஒதுக்க வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறையும் மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும் தர வேண்டும். டியூபோடு வீடு திரும்பும் நோயாளியைக் காலனிக்கும் வந்து செவிலியர் பார்க்க வேண்டும்.

செவிலியர் படிப்புக்குப் போகும் மாணவர்களே, நோயாளியின் சிறுநீரைத் தொடுவதில் இழிவு எதுவும் இல்லை. அந்த வேலையைப் பிறப்பைப் பார்த்து இன்னொருவர் மீது தள்ளுவதுதான் இழிவு.