சங்கரன்கோவில் தரும் பாடம்

சங்கரன்கோவிலில் ஆண்டுக்கு ஒரு முறை ஆடித்தபசு. ஒற்றைக்காலில் தவமிருக்கும் கோமதியம்மனுக்கு அன்று காட்சி கிடைத்துவிடுகிறது. ஓட்டுப் போட்ட மக்களின் தவமோ ஐந்தாண்டு நீள்கிறது! வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, நடந்ததை நினைவூட்டுகிறோம்.

2011 அக்டோபர் 22ந் தேதி இத்தொகுதியின் சட்டசபை அங்கத்தினர் சொ. கருப்பசாமி காலமானார். மந்திரியாகவும் இருந்தவர். 1996ல் மாநிலம் முழுவதிலும் அ.தி.மு.க. வென்றது நான்கே இடங்கள். அவற்றில் சங்கரன்கோவிலும் ஒன்று. தொடர்ந்து நான்கு முறை அவரையே அனுப்பிய தொகுதி இது.

காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பது சட்டம். இங்கே இடைத்தேர்தல் நடந்தது 2012 மார்ச் 18ல். ஏறக்குறைய ஐந்து மாதம் சட்டசபையில் இத்தொகுதிக்கு வாயில்லை. அது மின்வெட்டுக் காலம். கரண்டு போனால் விசைத்தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். அந்த நாளில் நெசவாளியின் வீட்டில் உலை கொதித்ததா என்று கேட்க ஆளில்லை.

தேர்தல் வந்ததும் என்ன ஆயிற்று? மந்திரிமார்கள் ஊரிலேயே முகாமிட்டார்கள். தெருத்தெருவாக நடந்தார்கள். ஆளுங்கட்சி வேட்பாளர் முத்துச்செல்வி 68,757 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்.

ஓட்டுப் பதிவு முடிந்த மறுநாள், மார்ச் 19ல், கூடங்குளம் அணு மின் நிலையத்தைத் திறக்க மந்திரிசபை முடிவு செய்தது. மார்ச் 30ல் மின் கட்டண உயர்வு வந்தது. அணு உலை வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு வாதம். கட்டணத்தை உயர்த்தியது ஒழுங்குமுறை ஆணையம் என்று சமாதானமும் கூறலாம். நாம் கேட்பது ஒன்றே: ஓட்டுப் பதிவுக்கு முன் தெருவில் நின்றவர்கள் இவற்றை ஏன் அந்தத் தெருவிலேயே பேசவில்லை?

68,757 என்ற அந்த வித்தியாசம் 2016ல் 14,489 ஆகச் சுருங்கியது. 2021ல் 5,297 ஓட்டில் தொகுதி தி.மு.க.வின் கைக்குப் போயிற்று. ஆள் மாறினார், கட்சி மாறியது. கணக்குக் கேட்கும் வழக்கம் வந்ததா?

அனுமதியின்றி 60 நாள் கூட்டங்களுக்கு வராத அங்கத்தினரின் இடத்தைக் காலியானதென்று சபை அறிவிக்கலாம். தொகுதிப் பக்கமே தலைகாட்டாதவரை என்ன செய்வது? அவரைத் திருப்பி அழைக்கும் உரிமை நம் சட்டத்தில் இல்லை. ஆகவே, இரண்டு தேர்தலுக்கு நடுவே மக்களுக்குள்ள ஆயுதம் விழிப்பு ஒன்றுதான்.

2022 ஆகஸ்டில் 234 அங்கத்தினர்களிடமும், தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளை எழுதித் தரும்படி முதலமைச்சர் கேட்டார். நல்ல ஏற்பாடே. ஆனால் அந்தப் பத்து எவையென்று தறிக்கூடத்தில் நிற்பவருக்குத் தெரியுமா? மக்களைக் கேளாமல் எழுதப்படும் பட்டியல் மக்களின் பட்டியலாகுமா?

தோழர்களே! ஓட்டுச் சீட்டோடு வேலை முடிந்ததென்று எண்ண வேண்டாம். பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தெருக்கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். முடிந்தது எது, முடியாதது எது என்று ஆண்டுக்கு ஒரு முறை குறியுங்கள். அங்கத்தினர் நம் கட்சியாரானால் முதலில் அவரிடம் கேளுங்கள். நம்மவரிடம் கேட்கத் தயங்கும் நாக்கு, மாற்றாரிடம் கேட்கும் தகுதியை இழந்துவிடும்!