கேட்டது 1024, வந்தது 452: குற்றம் யாருடையது?

"கோப்புல இருந்து 1024 பைட் கேட்டா சில சமயம் கம்மியா தருது. லைப்ரரில பக்." கணினி ஆய்வகங்களில் இந்தப் புலம்பலுக்குப் பஞ்சமே இல்லை. பக் லைப்ரரியில் இல்லை சாமி!

தாம்பரம் மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 100 மூட்டை அரிசி கேட்டார், வண்டியில் 60தான் வந்தது. என்ன செய்வார்? இறக்கிய 60ஐ எண்ணி ஸ்டாக்கில் எழுதுவார், மீதி 40ஐத் திரும்பக் கேட்பார். வராததையும் வந்ததாக எழுதிவிட்டு சப்ளையரைத் திட்டுகிறவர் ஒரு மாதம்கூடக் கடை நடத்த முடியாது. பி.காம். முதல் வருடத்துச் சங்கதி இது. நிரல் எழுதுகிறவர்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது விதிவிலக்கு?

யூனிக்ஸின் ரீட் அழைப்பில் நாம் கொடுக்கும் எண் ஓர் உச்சவரம்பு, அவ்வளவுதான். உண்மையில் எத்தனை வந்தது என்பதை அது திருப்பித் தரும் எண்ணில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறது. கோப்பு முடிந்திருக்கலாம், பைப்பில் அதுவரை அவ்வளவுதான் வந்திருக்கலாம், நடுவில் ஒரு சிக்னல் குறுக்கிட்டிருக்கலாம். லினக்ஸில் ஒரே அழைப்பில் 2,147,479,552 பைட்டுக்கு மேல் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

"அதான் நடுவுல பஃபர் இருக்கே?" இருக்கிறது. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பும்வரை நகராது. பீச் போகும் மின்சார ரயிலோ நேரமானால் இருக்கிற கூட்டத்தோடு கிளம்பிவிடும். சி மொழியின் எஃப்ரீட் ஷேர் ஆட்டோ ரகம். கேட்டது நிரம்பும்வரை உள்ளுக்குள் திரும்பத் திரும்ப வாங்கும். குறைந்தால் கோப்பு முடிந்தது அல்லது பிழை என்று அர்த்தம். ஜாவாவின் பஃபர்டு இன்புட் ஸ்ட்ரீம் இரண்டுங்கெட்டான். கீழே இருப்பது "இப்போதைக்குக் கையில் ஒன்றுமில்லை" என்றால் கிடைத்ததோடு திரும்பிவிடும். அதன் ஆவணத்திலேயே இது எழுதியிருக்கிறது. படிப்பது யார்?

2021இல் வந்த டாட்நெட் 6இல் ஜிஜிப் போன்ற ஸ்ட்ரீம்கள் கேட்டதைவிடக் குறைவாகத் தர ஆரம்பித்தன. "எப்பவும் முழுசா வந்துச்சே" என்று நம்பி எழுதிய நிரல்கள் உடைந்தன. 2022இல் டாட்நெட் 7இல் ரீட் எக்ஸாக்ட்லி என்று தனியாக ஒன்றைச் சேர்க்கவேண்டி வந்தது.

எண்ணாமல் எழுதினால் என்ன ஆகும்? 2500 பைட் கோப்பு, 1024 பஃபர். இரண்டு முறை நிரம்பும், மூன்றாவது முறை 452. மூன்று தடவையும் 1024 என்றே எழுதினால் நகல் 3072 பைட். கடைசி 572 பைட்டும் போன சுற்றின் எச்சில். பேரேட்டில் பழைய என்ட்ரி மறுபடி முளைத்த கதை. எண்ணை வாங்கி வைக்க ஒரு மாறிகூட இல்லாத நிரலுக்கு ரெக்கார்டு நோட்டில் டிக் வேறு விழுகிறது!

இதைவிடப் பெரிய அநியாயம் தமிழுக்கு. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். "தாம்பரம்" என்ற ஒரு சொல்லுக்கு 24. 1024, 4096, 8192 எதுவும் மூன்றால் வகுபடாது. முழுக்கத் தமிழில் இருக்கும் கோப்பில் பஃபர் நிரம்பி வந்தாலே எழுத்தின் நடுவில் வெட்டு விழும். குறைவாக வந்தால் வெட்டு எங்கே என்று ஜோசியம்தான் பார்க்கவேண்டும். துண்டு துண்டாக எழுத்தாக்கும் நிரல் அந்த இடத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்பு டைமண்டை வைக்கும். ஆங்கில எழுத்துக்கோ 1 பைட், வெட்டுவதற்கு இடமே இல்லை. ஆங்கிலக் கோப்பை வைத்துச் சோதித்த புண்ணியவானுக்கு எல்லாம் "நல்லாத்தான் ஓடுது". அப்புறம் பழி ஃபான்ட் மேல், யூனிகோட் மேல், கடைசியில் தமிழ் மேலேயே. "பேரை இங்கிலீஷ்லயே ஏத்திடுங்க சார், பிரச்சனையே வராது" என்று தீர்ப்பு வேறு. ஒருவர் லூப் எழுதச் சோம்பல்பட்டதற்கு இன்னொருவர் தன் பெயரைத் தமிழில் இழக்கவேண்டுமாம்.

இத்தனைக்கும் வைத்தியம் பத்து வரிகூட வராது. யூனிக்ஸில் என்றால், வந்ததை எண்ணி மீதியைக் கேட்கவேண்டும். 0 வந்தால் கோப்பு முடிந்தது, -1 வந்தால் பிழை. ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும் ஒன்றிரண்டு பைட்டைத் தூக்கி அடுத்த துண்டின் தலையில் ஒட்டிவிட்டு, அதற்கப்புறம் எழுத்தாக்கலாம்.