தூரம் ஒன்று, நேரம் வேறு

தூரத்தை வேகத்தால் வகுத்தால் பிரயாண நேரம் கிடைக்கும் என்று பள்ளிக் கணக்கு கற்பிக்கிறது. வகுத்தல் சரியே, அவ்விடையைப் பிரயாணிக்கு உரிய நேரமாகக் கொள்வதுதான் தவறு. கோலார் தங்கவயலில் இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2001-இல் மூடப்பட்ட அவ்வூர்ச் சுரங்கங்களுள் சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. சமதரையில் முக்கால் மணி நேர நடைத் தூரம் அவ்வளவே. ஆனால் அடிமட்டத்திற்குச் சென்ற தொழிலாளர் ஒரே கூண்டில் ஒரே மூச்சாக இறங்கிவிடவில்லை; ஒரு ஷாஃப்டில் இறங்கி, நடந்து, வேறொரு ஷாஃப்டின் கூண்டிற்குக் காத்திருந்து மீண்டும் இறங்கினர்.

இதே நிலையை நமது தீவுகளிடையே காணலாம். அந்தமானின் போர்ட் பிளேர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படுகிறது. அங்கிருந்து லட்சத்தீவின் அகத்திக்கு நேர்க்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 2,240 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லும் ஜெட் விமானம் மூன்று மணி நேரத்திற்குள் கடந்துவிடும் என்று மாணவன் எழுதுவான்; முழு மதிப்பெண்ணும் பெறுவான். எனினும் அகத்தியின் ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர் நீளமே கொண்டது. பெரிய ஜெட் விமானம் அங்கு இறங்க இயலாது. சிறிய சுழல்விசிறி விமானமே இறங்கும்.

ஆகவே சென்னை, கொச்சி வழியாகச் செல்லலாம். வியப்பு என்னவெனில், இவ்வழியின் மொத்தத் தூரம் சுமார் 2,360 கிலோமீட்டர்தான். நேர்க்கோட்டைவிட நூற்றுக்கு ஐந்து பங்கே மிகுதி. வானில் கழியும் நேரம் ஏறத்தாழ ஐந்து மணி. ஆனால் இரு இடங்களில் விமானம் மாறவேண்டும். கொச்சியிலிருந்து அகத்திக்கு நாளொன்றுக்குச் சில விமானங்களே உண்டு. இணைப்புத் தவறினால் ஓர் இரவு தங்கவேண்டும். நாளை விழுங்குவது கடலன்று, காத்திருத்தலே.

களப் பணியாளர்க்கு இது ஏட்டுக் கணக்கன்று. தடுப்பூசிப் பெட்டியின் பனிக்கட்டி கிலோமீட்டரைப் பார்த்து உருகுவதில்லை. அவசர நோயாளிகளை லட்சத்தீவிலிருந்து கொச்சிக்கு ஹெலிகாப்டரில் கொண்டுசெல்வதும் இக்காரணம் பற்றியே. ஆதலால் பயணத் திட்டப் படிவங்களில் தூரம், பறக்கும் நேரம், காத்திருக்கும் நேரம் ஆகிய மூன்றும் தனித்தனியே குறிக்கப்படல் வேண்டும். தூரம் மட்டும் எழுதிய படிவத்தைத் திருப்பி அனுப்பினாலும் குற்றமில்லை.

ஆசிரியர்கள் பூகோள உருண்டையில் இவ்விரு தீவுகளுக்கிடையே ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் செய்யலாம். அது தங்கவயலுக்குத் தெற்கே சுமார் 190 கிலோமீட்டரில், நாமக்கல்லை ஒட்டிக் கடக்கும். நூலின் நடுப்புள்ளி ஏறத்தாழ 82½ பாகைத் தீர்க்கரேகையில், அதாவது இந்திய நேரத்தை நிர்ணயிக்கும் ரேகையிலேயே விழும். இரு முனைகளுக்கும் சூரியக் கணக்கில் 82 நிமிட வேறுபாடு உண்டு; கடிகாரத்தில் ஒரு நிமிடமும் இல்லை. ஏன் என்பதை மாணவரே சொல்லட்டும்.